துப்பாக்கி யார் கையில்? லைசென்ஸ் யார் பெயரில்?



"பொண்ணுங்க கையில ஒரு துப்பாக்கி இருந்தா எவன் கிட்ட வருவான்?" ஒவ்வொரு வன்கொடுமைச் செய்திக்குப் பிறகும் சேரியில் இந்தப் பேச்சு எழுகிறது. மாணவிகள் இன்னும் ஒருபடி மேலே போய்க் கேட்கிறார்கள்: வாங்குவதென்றால் எதை வாங்குவது? லைசென்ஸ் எங்கே கேட்பது? இதைக் கேட்டவுடன் பதறிப்போய் 'வன்முறை கூடாதும்மா' என்று போதிக்கிற உபதேசிகள் நமக்குள்ளேயும் இருக்கிறார்கள். அடிக்கிறவனிடம் சொல்லவேண்டிய உபதேசத்தை அடிபடுகிறவளிடம் சொல்லாதீர்கள் என்பதுதான் அவர்களுக்கு நம் பதில். கேள்வி நியாயமானது. தன் உடம்பைத் தானே காத்துக்கொள்ள நினைப்பது குற்றமல்ல. வன்புணர்வு செய்ய வருகிறவனை எதிர்க்கும்போது அவன் உயிர் போனாலும் அது தற்காப்பே என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. எனவே மழுப்பாமல் பேசுவோம்.

கடையில் என்ன இருக்கிறது? 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு நாடே கொதித்தது. அந்தக் கொதிப்புக்கு அரசு தந்த பதில்களில் ஒன்று ஒரு ரிவால்வர்! 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் அதை வெளியிட்டது. பயமற்றவர் என்று அர்த்தம். .32 போர், 6 தோட்டா, டைட்டானியம் கலந்த உலோகம், எடை சுமார் 500 கிராம். பெண்களின் கைப்பைக்குள் அடங்குகிற மாதிரி செய்ததாகச் சொன்னார்கள். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். விலை 1,22,360 ரூபாய்.

அந்த வருசம் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 167 ரூபாய். வளையமாதேவிப் பக்கத்துக் கூலிக்காரப் பெண் ஒருத்தி, ஒரு வேளைகூடச் சாப்பிடாமல், பிள்ளைக்கு ஒரு நோட்டுகூட வாங்கித் தராமல், கூலி முழுவதையும் சேர்த்துவைத்தால் 733 நாள் ஆகும். வருசத்துக்கு 100 நாள் வேலை முழுசாகக் கிடைத்தால்கூட 7 வருசத்துக்கு மேல். அதுவரைக்கும் எதிரி காத்திருப்பானா? இந்தத் துப்பாக்கி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை விலையே சொல்லிவிடுகிறது. துப்பாக்கி வன்முறையில் குடும்பத்தை இழந்த பெண்களோடு மணிப்பூரில் வேலை செய்த பினாலட்சுமி நேப்ரம் போன்றவர்கள் அப்போதே இது அந்தப் பெண்ணின் நினைவுக்கே அவமானம் என்று கண்டித்தார்கள்.

சரி, பணம் இருக்கிறது, லைசென்சும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதைப் பார்த்து வாங்குவது? போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் நமக்குக் கிடையாது. அது தடை செய்யப்பட்ட வகை. சாதாரணக் குடிமக்களுக்குப் பெரும்பாலும் .32, இல்லையென்றால் .22. இதில் ரிவால்வரா பிஸ்டலா என்பது அடுத்த கேள்வி. பிஸ்டலில் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். தோட்டா சிக்கிக்கொண்டால் எடுத்துவிடத் தெரிய வேண்டும். அதற்குப் பழக்கம் அதிகம் வேண்டும். ரிவால்வரில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். ஆனால் அந்த விசையை இழுக்க விரலில் நல்ல பலம் வேண்டும். கடையில் பிடித்துப் பார்க்கும்போது ஆள்காட்டி விரல் சிரமமில்லாமல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பெண்ணுக்கு எடை குறைவானதுதான் நல்லது என்று விற்கிறவன் சொல்வான். அது பாதி உண்மை. எடை குறையக் குறையத் தூக்கிப்போக வசதி. சுடும்போதோ அதே அளவுக்குக் கை பின்னால் உதறும், குறி தவறும். மாதக்கணக்கில் தோட்டா செலவழித்துப் பழகாதவருக்கு எந்தத் துப்பாக்கியும் வெறும் இரும்பு. இன்னும் சொல்லப்போனால் எதிரிக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்கிற இரும்பு.

அப்புறம், அதை எங்கே வைப்பது? நடவு நடுகிறவள் முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கிறாள். அவள் சேலையில் எங்கே செருகுவாள்? வரப்பில் தூக்குவாளியோடு வைத்துவிட்டுப் போவாளா? காலனி வீட்டில் பூட்டு உள்ள பீரோ எத்தனை பேரிடம் இருக்கிறது? 2016 ஆயுத விதிகள் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி கேட்கின்றன, பயிற்சிச் சான்றும் கேட்கின்றன. கூரைவீட்டுக்காரிக்கு இந்த இரண்டுமே தூரம். வீட்டுக்குள் வைத்தால் அடுத்த ஆபத்து இருக்கிறது. டாஸ்மாக்கில் குடித்துவிட்டு வந்து பொண்டாட்டியை அடிக்கிற ஆண் நம் சேரியிலும் இருக்கிறான். அதை மறைத்து விடுதலை பேச முடியாது. அமெரிக்காவில் ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டில் கொலை நடக்கும் அபாயம் சுமார் 2.7 மடங்கு அதிகமாக இருந்தது. கொன்றவர்கள் பெரும்பாலும் குடும்பத்தாரோ நெருங்கிய அறிமுகமானவர்களோதான். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது முதலில் யாரை நோக்கித் திரும்பும் என்பதைப் பெண்கள்தான் முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் சொன்னதால் 'துப்பாக்கி வேண்டாம், போய் வேலையைப் பாருங்கள்' என்று நாம் முடித்துவிடப் போவதில்லை. ஏனென்றால் நம்மைச் சுற்றித் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. நம் கையில்தான் இல்லை.

நெய்வேலியைப் பாருங்கள். சுரங்க வாசலில், அனல்மின் நிலைய வாசலில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை துப்பாக்கியோடு நிற்கிறது. 2014 மார்ச் 17 அன்று 2ஆம் சுரங்கத்தில் அந்தப் படைவீரர் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். தோண்டுகிறவனுக்குக் குண்டு, தோண்டி எடுத்ததற்குக் காவல்! 2023 ஜூலை 26 அன்று பரவனாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் எந்திரங்களை இறக்கினார்கள். சுற்றிலும் போலீஸ் படை. பயிருக்கு இழப்பீடு எவ்வளவு என்று கோர்ட்டில் பேசினார்கள். பட்டா உள்ளவர்களுக்கு அது வேண்டியதுதான். அந்த வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைக்கிற பட்டா இல்லாத பெண்ணின் பேர் எந்தப் பட்டியலில் வரும்? இந்த வட்டாரத்தில் துப்பாக்கி என்றால் அது நிலத்தையும் எந்திரத்தையும் காக்கிற பொருள். பெண்ணின் உடம்பைக் காக்க அது வந்ததாக நமக்கு நினைவில்லை.

கீழ்வெண்மணியை மறக்க முடியுமா? 1968 டிசம்பர் 25 ராத்திரி மிராசுதாரர்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். அதற்குப் பயந்து ஓடி ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். சேரிக்காரர் கையில் இருந்ததோ கல்லும் கழியும். பண்ணையார் கையில் துப்பாக்கி எப்படி வந்தது? நிலம் இருப்பவன் தன் சொத்தைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கத்தால் வந்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. பெரிய மனுசர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று அதற்குச் சந்தேகம்!

இந்த வழக்கம் நேற்று முளைத்ததல்ல. சூத்திரரும் தீண்டத்தகாதோரும் இத்தனை நூற்றாண்டுகள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்வியை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுப்பினார். ஆயுதமும் கல்வியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டதுதான் காரணம் என்று பதிலும் சொன்னார். சென்னைப் படையில் பறையர் சிப்பாய்கள் ஒரு காலத்தில் பெருமளவில் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். அண்ணலின் அப்பாவே ராணுவத்தில் சுபேதார். வெள்ளைக்காரன் வேலை முடிந்ததும் 'போர்க்குடி' என்றொரு புளுகைக் கிளப்பி 1892இல் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினான். 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் வந்தது. 1878 ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்கு கொடுத்து இந்தியரிடம் லைசென்ஸ் கேட்டது. கலெக்டருக்கு வேண்டிய பெரிய மனுசர்களுக்கு அது கிடைத்தது. வெள்ளைக்காரன் போனான். பெரிய மனுசன் போகவில்லை.

இப்போது விசயத்துக்கு வருவோம். துப்பாக்கி வேண்டும் என்று நாம் கேட்பதற்கு முன்னாலேயே, தலித்துகளுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரலாம் என்று இந்திய அரசு எழுதி வைத்திருக்கிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான விதிகள் 1995 மார்ச் 31 அன்று வந்தன. அதில் 3ஆம் விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே, தேவைப்பட்டால், தலித் பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரைக்கும் இது பொருந்தும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஐந்தாவதாக, உயிரையும் உடைமையையும் காக்க அவசியமெனக் கருதினால் தலித் மக்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் ஆயுத லைசென்ஸ் வழங்க வேண்டும்.

எத்தனை பேருக்கு இது தெரியும்? எந்தக் கலெக்டர் இதைத் தண்டோரா போட்டுச் சொன்னார்? இந்த வரிசையைக் கவனியுங்கள் தோழர்களே. முதலில் அவன் கையிலிருந்து எடு, அப்புறம் இவள் கையில் கொடு. சட்டம் எழுதியவர்களுக்கே இது புரிந்திருக்கிறது. ஊர்த்தெருவில் 10 துப்பாக்கி இருக்கும்போது சேரிக்கு ஒன்று கொடுப்பது பாதுகாப்பு அல்ல, பொறி. 'அவங்களும் சுட்டாங்க' என்று ஒரு எதிர்வழக்கு எழுத அந்த ஒன்றே போதும்.

1959 ஆயுதச் சட்டத்திலும் நமக்கு உதவக்கூடிய ஒரு வரி இருக்கிறது. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்சை மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 18ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஆனால் நம்மைத் தடுக்கிற கண்ணியும் அதே சட்டத்தில் இருக்கிறது. அமைதி காப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டவருக்கு அந்தப் பிணைக்காலம் முடியும்வரை லைசென்ஸ் கிடையாது என்கிறது 9ஆம் பிரிவு. சாதிக் கலவரம் என்றால் போலீஸ் முதலில் என்ன செய்யும்? 'இருதரப்பு' என்று சொல்லி அடித்தவன் மேலும் அடிபட்டவன் மேலும் சேர்த்து 107 போடும். இன்றைய சட்டத்தில் எண் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை. நியாயம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த பெண் பிணையில் மாட்டிக்கொள்வாள். லைசென்சுக்கு அவளைப் பற்றி அறிக்கை எழுதப்போவதும் அதே ஸ்டேசன்தான்!

தப்பித்தவறிக் கிடைத்தாலும் தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேசனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஊராட்சித் தேர்தலில் தலித் பெண் வேட்புமனு போடுகிற நேரம்தான் மிரட்டல் உச்சத்தில் இருக்கும் நேரம். அப்போது அவள் துப்பாக்கி ஸ்டேசன் அலமாரியில் தூங்கும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால்? 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 2 வருசம், அதிகபட்சம் 5 வருசம் ஜெயில். எனவே 'கள்ளச் சந்தையில கிடைக்குது' என்று மீசை முறுக்குகிற தம்பிகளுக்கும் சொல்கிறோம்: உன் வீரத்துக்கு உன் அக்காவும் அம்மாவும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டிவரும்.

இன்னொரு உண்மையையும் பார்க்க வேண்டும். வன்புணர்வு வழக்குகளில் 10க்கு 9க்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருசாவருசம் சொல்கிறது. இருட்டில் பாய்கிற முகம் தெரியாதவனுக்காகச் செய்த துப்பாக்கி, தினமும் கூலி கொடுக்கிற மேஸ்திரியிடம் என்ன செய்யும்? சீருடை போட்டவன் வந்தால் என்ன செய்யும்? 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் புகுந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். 18 பழங்குடிப் பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். அதே 1992இல் நம் பக்கத்துச் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் கணவன் காவலில் செத்தார், மனைவி அங்கேயே வன்புணர்வுக்கு ஆளானார். 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் சாதி மீறிக் கல்யாணம் செய்த இரண்டு பேருக்கும் விசம் கொடுத்துக் கொன்றவர்கள் பெண்ணின் சொந்தக் குடும்பத்தார். ஊரே பார்த்தது. போலீஸ் மறைத்தது.

இந்த அநியாயங்களில் நியாயம் எப்படி வந்தது? வாச்சாத்தியில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த அனைவரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. புதுக்கூரைப்பேட்டை வழக்கில் 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் 2 பேர் போலீஸ் அதிகாரிகள். மேல்முறையீட்டில் சில தண்டனைகள் மாறின. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போய்தான் வழக்கு நின்றது. 10, 20, 30 வருசம்! வாச்சாத்திப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் விடாமல் சேர்ந்து நின்று சாட்சி சொன்னார்கள். அவர்களிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் 30 வருசம் காத்திருக்கச் சொல்வதற்கு எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்பதும் உண்மை. அந்தக் காத்திருப்பிலிருந்துதான் துப்பாக்கிக் கேள்வியே பிறக்கிறது.

துப்பாக்கி எடுத்த பெண்ணின் கதையும் நமக்குத் தெரியும். பூலான்தேவி சாதி இந்துக்களால் சிதைக்கப்பட்டு ரைபிள் எடுத்தார். 1983இல் அதைக் கீழே வைத்தார். 1996இல் மக்களவைக்குப் போனார். 2001 ஜூலை 25 அன்று தில்லியில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு கொடுத்த காவலர் கூடவே இருந்தார். அவருக்கும் குண்டு பட்டது. கறுப்பின மக்களின் அனுபவமும் இதுதான். 1892இல் மெம்பிஸ் நகரில் தன் நண்பர்களை வெள்ளைக்கும்பல் கொன்றபோது ஐடா பி. வெல்ஸ் கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் கொலைவெறிக் கும்பல்களை உலகத்தின் முன் அம்பலப்படுத்தியது அவர் ஊர் ஊராய்ப் போய்ச் சேகரித்து எழுதிய கணக்கு. 1966இல் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கி ஏந்திப் போலீசைக் கண்காணித்தார்கள். உடனே 1967இல் கலிபோர்னியா அரசு சட்டத்தையே மாற்றிவிட்டது. ஒடுக்கப்பட்டவன் கைக்கு வந்ததும் உரிமை குற்றமாகிவிடும். இது எல்லா நாட்டு ஆட்சிக்கும் பொது.

அப்படியானால் என்ன செய்யப் போகிறோம்? 'எந்தத் துப்பாக்கி?' என்று ஒருத்தி தனியாகக் கேட்டால் அது கடைக்காரனிடம் கேட்கிற கேள்வி. 'எங்கள் ஊரில் யார் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது?' என்று 50 பேர் சேர்ந்து கேட்டால் அது கலெக்டரிடம் கேட்கிற கேள்வி. இரண்டாவதிலிருந்து தொடங்குவோம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். கடலூர் மாவட்டத்தில் வன்கொடுமை நிகழக்கூடியவை என அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? அங்கே எத்தனை துப்பாக்கி லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது? 3ஆம் விதிப்படி 1995 முதல் எத்தனை ரத்து ஆனது? தலித்துகளுக்கு எத்தனை வழங்கப்பட்டது, அதில் பெண்கள் எத்தனை பேர்? மாணவத் தோழர்கள் ஒரு ஊருக்கு ஒரு மனு எழுதினால்கூடப் போதும். பதில் வந்தாலும் ஆவணம், வராவிட்டாலும் ஆவணம்.

அடுத்து, மிரட்டலுக்கு ஆளான பெண்கள் விரும்பினால் தனித்தனியாக அல்லாமல் ஒரே நாளில் சேர்ந்துபோய் 3ஆம் விதியைக் குறிப்பிட்டு லைசென்ஸ் மனு கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'இந்தப் பகுதியில் ஆபத்து இல்லை' என்று எழுதிக் கொடுக்கட்டும். நாளைக்கு ஒன்று நடந்தால் அந்தக் காகிதத்தோடு கோர்ட்டுக்குப் போவோம். கடமை தவறிய அரசு ஊழியரைத் தண்டிக்க அதே சட்டத்தில் 4ஆம் பிரிவு இருக்கிறது.

மூன்றாவது, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும் என்பது 17ஆம் விதி. கூடுகிறதா, ஆயுதக் கணக்கு அங்கே பேசப்படுகிறதா என்று விடாமல் கேட்க வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு தருவது 15ஏ பிரிவின்படி அரசின் கடமை. துப்பாக்கியை நம் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கடமையிலிருந்து அரசு நழுவ விடக்கூடாது.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு தோழி தன் பாதுகாப்புக்குத் துப்பாக்கிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் அது அவள் உரிமை. அவளை யாரும் கேலி பேச வேண்டாம். பழகாமல் வாங்காதே, பூட்டு இல்லாமல் வைக்காதே, வீட்டு ஆம்பளை கையில் கொடுக்காதே என்ற மூன்று வார்த்தை மட்டும் சொல்வோம். அவள் தனியாக நிற்கவில்லை என்பதை ஊருக்குக் காட்டுவது நம் வேலை.

1995இல் எழுதிய விதி இன்னும் காகிதத்தில் கிடக்கிறது. ஊர்த்தெருத் துப்பாக்கி ஒவ்வொன்றின் கணக்கும் சேரிப்பெண்ணுக்குத் தெரியும் நாளில்தான் அந்த விதிக்கு உயிர் வரும். மனு எழுதத் தெரிந்தவர்கள் இந்த வாரமே ஒரு தெருவில் உட்காருங்கள். எழுதிய மனுக்களின் நகலையும் வந்த பதில்களையும் நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அந்தக் கணக்கைப் போடுவோம்.

ஜெய்பீம்!

— ஆசிரியர் குழு